உழவு இயந்திர எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுதல்: காரணம் காணலும் திருத்தலும்

வயலில் ஈரம் தக்கவாறு நிற்கும் நாட்கள் சில. அந்நாட்களில் உழுது முடித்தவனுக்கே போகம் காலத்தோடு தொடங்கும். அறுவடைக் காலமும் அத்தகையதே. மழை இருட்டிக்கொண்டு வரும் வேளையில், களத்திற் குவிந்த சூட்டை அடித்து நெல்லை வீடு சேர்க்க வேண்டிய கமக்காரனுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதி வாய்ந்தது. அவ்வேளையில் உழவு இயந்திரத்தின் றேடியேற்றர் கொதித்து ஆவி பறக்க, எஞ்சின் நின்றுவிடுமாயின் நட்டம் இயந்திரத்தோடு நிற்பதில்லை. விளைச்சலையும் அது தொடும்.

எஞ்சின் சூடேறுதல் ஒரு நோயன்று, நோயின் குறியே. காய்ச்சல் கண்டவனுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது ஆறுதல் தரும். ஆயின் காய்ச்சலின் காரணத்தை அது தீர்ப்பதில்லை. அதுபோலவே, கொதித்த எஞ்சினுக்குத் தண்ணீர் வார்த்து மீண்டும் ஓட்டுவதால் பழுது நீங்குவதில்லை. காரணத்தை ஒழுங்காகத் தேடிக் கண்டறிதல் வேண்டும். அத்தேடல் செலவில்லாத இடத்திற் தொடங்கிச் செலவுள்ள இடத்தில் முடிதல் வேண்டும் என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் சாரம்.

1. வெப்பம் உண்டாவதும் வெளியேறுவதும்

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே உழவுக்கும் இழுவைக்கும் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. எஞ்சிய பங்கைக் குளிர்விக்கும் தண்ணீரே பெரும்பாலும் ஏற்று வெளியேற்றுகிறது. சிலிண்டரினுள் எரியும் வாயுவின் உச்ச வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் தாண்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். இவ்விரு எண்களையும் ஒப்பு நோக்கினால், எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

தண்ணீர் ஓடும் வழி வருமாறு: நீர்ப்பம்பி தண்ணீரை எஞ்சின் உடலினுள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி மேலேறி, ஹெட் எனப்படும் தலைப்பகுதியைக் கடந்து, தெர்மோஸ்ரற் என்னும் கதவை அடைகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இக்கதவு மூடியிருக்கும். தண்ணீர் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடானதும் திறக்கும். சூடான தண்ணீர் மேற்குழாய் வழியாக றேடியேற்றருக்குச் சென்று, அதன் மெல்லிய குழாய்களில் கீழிறங்குகிறது. விசிறி இழுக்கும் காற்று அதன் வெப்பத்தைக் கொண்டு போகிறது. ஆறிய தண்ணீர் கீழ்க்குழாய் வழியாக மீண்டும் பம்பியை அடைகிறது.

இதனைக் கவனித்தால், எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுவதற்குரிய காரணங்கள் யாவும் ஐந்து வகையுள் அடங்குவதைக் காணலாம்:

(அ) தண்ணீர் போதாமை.
(ஆ) தண்ணீர் ஓடாமை.
(இ) காற்றுப் போகாமை.
(ஈ) தண்ணீரிலிருந்து வெப்பம் வெளியேறாதபடி உப்பும் துருவும் படிந்திருத்தல்.
(உ) எஞ்சின் அளவுக்கு மேலான வெப்பத்தை உண்டாக்குதல்.

2. சூடேறியதும் செய்ய வேண்டியவை

வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியைத் தொட்டால் முதலில் சுமையை நீக்குதல் வேண்டும். கலப்பையை உயர்த்தி, கியரை நீக்கி, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் விடுக. தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் வெப்பம் சீராகத் தணியும். ஆனால் தண்ணீர் வெளியே கொட்டிப்போயிருப்பின், விசிறிப் பட்டி அறுந்திருப்பின், அல்லது எண்ணெய் அமுக்கம் குறைந்து காட்டினால் எஞ்சினை உடனே நிறுத்துதல் வேண்டும்.

சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அடைபட்டுள்ள தண்ணீரின் கொதிநிலை சாதாரண கொதிநிலையினும் கூடியது. சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் என அமுக்கம் குறிக்கப்பட்ட மூடியின் கீழ், தண்ணீர் ஏறக்குறைய 111 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கும். மூடி திறந்த கணத்தில் அமுக்கம் நீங்க, அத்தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் பாயும். அவசரத்தால் கண்ணிழப்பும் நேரக்கூடும். அரை மணித்தியாலமேனும் பொறுத்திருந்து, மேற்குழாயைக் கையாற் பிடிக்கக்கூடிய அளவிற்கு ஆறிய பின், தடித்த சாக்கினால் மூடியைப் போர்த்து, முகத்தை விலக்கி, முதற் படி வரை மட்டும் திருகுக. ஆவி முற்றும் போன பின்னரே மூடியைக் கழற்றுக.

சூடான எஞ்சினுள் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென வார்ப்பதும் பெருந் தவறு. வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி வெடிக்கும். வெடித்த ஹெட்டைத் திருத்தும் செலவோடு ஒப்பிடின் அரை மணித்தியாலக் காத்திருப்பு ஒரு செலவேயன்று. எஞ்சின் ஆறிய பின், அதனை மெதுவாக ஓடவிட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாக வார்த்தல் வேண்டும்.

எவருக்கேனும் ஆவி பட்டால், சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை ஓடவிடுக. எண்ணெயோ பற்பசையோ பூசாது, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க.

3. எப்போது சூடேறுகிறது எனக் கவனித்தல்

திருகாணி ஒன்றையேனும் கழற்றுமுன், சூடு எப்போது, எத்தனை நிமிடத்தில், எவ்வேலையின்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். காரணம் இருக்குமிடத்தை அதுவே பெரும்பாலும் காட்டிவிடும்.

தொடக்கிச் சில நிமிடங்களிலேயே சூடேறின்: தண்ணீர்க் குறைவு, தெர்மோஸ்ரற் திறவாமை, விசிறிப் பட்டி அறுதல், அல்லது ஹெட் காஸ்கற் பழுது.

வெறுமையாக ஓடும்போது நன்றாயிருந்து, சுமையேறிய பின்னரே சூடேறின்: றேடியேற்றர் அடைப்பு, பட்டித் தளர்வு, அல்லது சுமை மிகை.

களத்தில் நின்றபடி சூடடிக்கும் இயந்திரத்தை இயக்கும்போது மட்டும் சூடேறின்: றேடியேற்றரின் முகத்தில் வைக்கோலும் பதரும் அடைத்திருத்தல்.

போகத்திற்குப் போகம் சிறிது சிறிதாகச் சூடு கூடிவரின்: உட்குழாய்களில் உப்புப் படிதல்.

வெளியே ஒழுக்கு இல்லாதிருந்தும் தண்ணீர் நாள்தோறும் குறையின்: மூடியின் பழுது அல்லது ஹெட் காஸ்கற் பழுது.

இங்கு ஓர் எச்சரிக்கை. தண்ணீர் முற்றும் வற்றிய எஞ்சினில், மானியின் உணர்முனை தண்ணீரைத் தொடாமையால், முள் தாழ்ந்தே நிற்றலும் உண்டு. ஆகவே மானியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. சூட்டு நாற்றம், எஞ்சினின் இழுவைக் குறைவு, தட்டும் ஓசை ஆகியவையும் அறிகுறிகளே.

4. ஒழுங்காகச் சோதித்தல்

பின்வரும் சோதனைகளை இவ்வொழுங்கிலேயே செய்க. முதல் நான்கிற்கும் பணச் செலவு இல்லை.

முதலாவது, தண்ணீர் மட்டம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்க. குறைந்திருப்பின், நிரப்புவதோடு நில்லாது, அது போன வழியையும் தேடுக. குழாய்ப் பூட்டுகள், றேடியேற்றரின் அடித்தொட்டி, பம்பியின் கீழுள்ள சிறு துவாரம் ஆகிய இடங்களில் ஈரமோ வெண்ணிறத் தடமோ இருத்தல் ஒழுக்கின் அடையாளம்.

இரண்டாவது, றேடியேற்றரின் வெளிமுகம். முன் வலையைக் கழற்றி, தகடுகளினூடே மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா எனப் பார்க்க. தெரியாவிடில் காற்றும் போகாது. விசிறியின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை அல்லது காற்றைச் செலுத்திக் கழுவுக. மிகுந்த வேகத்துடன் பீச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றை நிரந்தரமாகத் தடுக்கும். கம்பியாற் குத்துதலும் ஆகாது.

மூன்றாவது, விசிறிப் பட்டி. இரு கப்பிகளுக்கு இடையேயுள்ள நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்துக. அது ஏறக்குறைய அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ்தல் வேண்டும். இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு குறித்திருப்பின் அதனையே கொள்க. கூடுதலாகத் தாழின் பட்டி வழுக்கும். விசிறியும் பம்பியும் வேகம் குறையும். மிக இறுக்கினாலோ பம்பியின் தாங்கி தேயும். எண்ணெய் பட்டுப் பளபளக்கும் பட்டியையும் வெடித்த பட்டியையும் மாற்றுக.

நான்காவது, றப்பர்க் குழாய்கள். கையால் அமுக்கிப் பார்க்க. ஊதிப் பருத்தவை, வெடித்தவை, பஞ்சுபோல் மெலிந்தவை யாவும் மாற்றத்தக்கவை. எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்பியின் உறிஞ்சலால் கீழ்க்குழாய் ஒட்டிப்போவதும் உண்டு. நின்ற எஞ்சினில் அக்குழாய் நன்றாகவே தோன்றும் ஆதலால், ஓடும்போதே எட்ட நின்று பார்த்தல் வேண்டும். விசிறிக்கு அருகில் தளர்ந்த உடையுடன் குனிதல் ஆபத்தானது.

ஐந்தாவது, றேடியேற்றர் மூடி. அதன் வில்லும் றப்பர் வளையமும் பழுதடைந்தால் அமுக்கம் நில்லாது. தண்ணீர் விரைவிற் கொதித்து வழிந்தோடும். புதிய மூடி வாங்கும்போது பழையதிற் குறிக்கப்பட்ட அதே அமுக்க அளவுள்ளதையே வாங்குக.

ஆறாவது, தெர்மோஸ்ரற். இதனைக் கழற்றி, அடுப்பிலேற்றிய தண்ணீர்ப் பாத்திரத்தில் அடி தொடாதவாறு நூலிற் கட்டித் தொங்கவிடுக. வெப்பமானியொன்றையும் வைக்க. அதன்மேற் பொறிக்கப்பட்ட வெப்பநிலைக்கு அண்மையில் அது திறக்கத் தொடங்குதல் வேண்டும். தண்ணீர் கொதித்த பின்னும் திறவாதது பயனற்றது. பழுதானதை எறிந்துவிட்டு, அது இன்றியே எஞ்சினை ஓட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. இது தவறு. தெர்மோஸ்ரற் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையப் பிந்துகிறது, எரிபொருள் வீணாகிறது, சிலிண்டரும் விரைவில் தேய்கிறது.

ஏழாவது, நீர்ப்பம்பி. விசிறியைக் கையாற் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. ஆட்டமிருந்தால் தாங்கி தேய்ந்துள்ளது. கீழ்த் துவாரத்தில் தண்ணீர் வடிந்தால் அடைப்பு வளையம் பழுது.

எட்டாவது, றேடியேற்றரின் உட்புறம். சிறிது ஓட்டி நிறுத்தியபின், கையைச் சுடாதவாறு முகப்பின் பல இடங்களையும் தொட்டுப் பார்க்க. சில இடம் சூடாகவும் சில இடம் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்த இடத்துக் குழாய்கள் அடைத்துள்ளன. இரு றப்பர்க் குழாய்களையும் கழற்றி, கீழ்வாயிலிருந்து மேல்வாய் நோக்கித் தண்ணீரைச் செலுத்தித் தெளியும்வரை கழுவுக.

ஒன்பதாவது, ஹெட் காஸ்கற். ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்துவிட்டுத் தொடக்கி, தண்ணீரில் குமிழிகள் இடைவிடாது எழுகின்றனவா எனப் பார்க்க. எண்ணெய்க் கோலில் மோர் போன்ற வெண்மை படிந்துள்ளதா எனவும் நோக்குக. இவற்றில் ஒன்று தோன்றினாலும் எஞ்சினை மேலும் ஓட்டாது, தேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஹெட்டைக் கழற்றினால் அதன் முகம் நெளிந்துள்ளதா எனச் சோதிப்பித்த பின்னரே புதிய காஸ்கற் இடுதல் வேண்டும். இன்றேல் அதுவும் விரைவிற் போய்விடும்.

இவையனைத்தும் நன்றாயிருந்தும் சூடேறுமாயின், எஞ்சினே மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகிறது எனக் கொள்க. ஆழ்ந்த சேற்றில் உயர்ந்த கியரில் இழுத்தல், எண்ணெய்க் குறைவு, பிரேக் பிடித்தபடியே ஓடுதல், புகைக்குழாய் அடைப்பு, டீசல் செலுத்தும் நேரம் பிந்துதல் ஆகியன இதற்குக் காரணமாகும். இறுதியிற் கூறியதைத் திருத்துநரே சரிசெய்தல் வேண்டும்.

5. ஓர் எடுத்துக்காட்டு

களத்திற் சூடடிக்கும் உழவு இயந்திரமொன்று அரை மணித்தியாலத்திற்கு ஒருமுறை கொதிக்கின்றது எனக் கொள்வோம். உரிமையாளர் ஒவ்வொரு முறையும் தண்ணீர் வார்க்கின்றார். மறுநாள் பட்டணம் சென்று புதிய தெர்மோஸ்ரற் வாங்கிப் பூட்டுகின்றார். சூடு தணியவில்லை. பம்பியையும் மாற்றுகின்றார். அப்போதும் தணியவில்லை. இரண்டு நாள் வேலையும் இரண்டு உறுப்புகளின் விலையும் போய்விட்டன.

இதே இயந்திரம் தெருவில் பெட்டி இழுத்துச் செல்லும்போது கொதிப்பதில்லை என்பதை அவர் கவனித்திருப்பின், தண்ணீரும் பம்பியும் தெர்மோஸ்ரற்றும் குற்றமற்றவை என்பது முதல் நாளே புலப்பட்டிருக்கும். களத்தில் மட்டும் உள்ளது யாது? பதர். முன் வலையைக் கழற்றினால், றேடியேற்றரின் முகத்தில் பாய் விரித்தாற்போல் பதர் படிந்திருப்பது தெரியும். ஒரு வாளித் தண்ணீரும் கால் மணித்தியாலமும் போதுமானவை. இயந்திரத்தைக் காற்று வரும் பக்கமாக நிறுத்தி, பதர் எதிர்ப்பக்கம் பறக்கவிட்டால் அதுவும் வேண்டியதில்லை.

6. றேடியேற்றருக்கு உகந்த தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து வருவது. ஆதலால் வன்மை கூடியது. அத்தகைய கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியிற் படியும் வெண்பொருக்கே றேடியேற்றரின் குழாய்களிலும் எஞ்சினின் உட்சுவரிலும் படிகிறது. வெப்பம் அதனூடே எளிதிற் கடப்பதில்லை. வன்மையான கிணற்று நீரோ, உவர்நீரோ, வாய்க்காலின் கலங்கல் நீரோ றேடியேற்றருக்கு ஆகாது. துப்புரவான பாத்திரத்திற் பிடித்து வடித்த மழைநீர் மிகச் சிறந்தது.

கடைகளில் கூலன்ற் என்ற பெயரில் விற்கப்படும் திரவம் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆகவே பனி இல்லாத நாட்டிலும் அது பயனுடையதே. கொள்கலத்திற் குறித்த அளவிற் கலந்து, குறித்த காலத்தில் மாற்றுக. ஆயின் இத்திரவங்களுட் பல இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிறுவரும் ஆடுமாடும் நாயும் நாடாத இடத்தில் வைக்க. வடித்த பழைய திரவத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

7. இரு சில்லு உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும்

லான்ட்மாஸ்டர் எனப் பொதுவாக அழைக்கப்படும் இரு சில்லு இயந்திரங்களுட் சிலவற்றின் எஞ்சினுக்கு றேடியேற்றர் இல்லை. திறந்த தண்ணீர்த் தொட்டியே உண்டு. இவ்வகையில் தண்ணீர் கொதித்து ஆவியாதல் பழுதன்று. எஞ்சின் குளிரும் முறையே அது. தொட்டியின் மேலுள்ள சிவப்பு மிதப்பு தாழ்ந்ததும் தண்ணீர் சேர்த்தலே செய்ய வேண்டியது. தொட்டி வற்றவிடுதலே பழுது.

தோட்டங்களில் நீரிறைக்கும் சிறிய எஞ்சின்கள் பெரும்பாலும் காற்றாற் குளிர்பவை. இவற்றின் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளே றேடியேற்றருக்கு ஒப்பானவை. அவற்றிடையே எண்ணெயும் மண்ணும் புல்லும் சேர்ந்து இறுகினால் எஞ்சின் சூடேறி இறுகி நிற்கும். போகத்திற்கு ஒருமுறையேனும் மேல் உறையைக் கழற்றித் துப்புரவாக்குக. உறையில்லாது ஓட்டுதல் கூடாது. காற்றைத் தகடுகளின்மேற் செலுத்துவது அவ்வுறையே. எண்ணெய் மட்டத்தை நாள்தோறும் பார்க்க.

கோடையிற் கிணற்று நீர் தாழும்போது எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் மிகக் கொடிய தவறு. அது தன் சூட்டையும் புகையையும் தானே மீண்டும் இழுப்பது ஒருபுறமிருக்க, அப்புகையிலுள்ள கார்பனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு மணமோ நிறமோ இன்றி, உள்ளே இறங்குபவரின் உயிரைப் போக்கும்.

8. பராமரிப்பு ஒழுங்கு

நாள்தோறும்: எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் தண்ணீர் மட்டமும் எண்ணெய் மட்டமும் பார்த்தல். களத்தில் வேலை செய்யும் நாட்களில், எஞ்சினை நிறுத்தி இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை முன் வலையைத் துடைத்தல்.

வாரந்தோறும்: விசிறிப் பட்டி, றப்பர்க் குழாய்கள், பூட்டுகள் ஆகியவற்றைப் பார்த்தல், றேடியேற்றரின் வெளிமுகத்தைக் கழுவுதல்.

போகந்தோறும்: உழவு தொடங்குவதற்கு முன்னர், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தல், துருவோ கலங்கலோ இருப்பின் றேடியேற்றரின் உட்புறத்தைக் கழுவுதல், மூடியையும் தெர்மோஸ்ரற்றையும் சோதித்தல். ஒரு விசிறிப் பட்டியை வீட்டில் மேலதிகமாக வைத்திருத்தல் நன்று.

உழவு மாடு களைத்து நுரை தள்ளுமுன் நுகத்தை அவிழ்த்த தலைமுறையினர், மாட்டின் மூச்சைக் கேட்டே அதன் நிலையை அறிந்தனர். இயந்திரத்திற்கு வாயில்லை, அதன் வெப்பமானியே அதன் மூச்சு. முள் ஏறத் தொடங்கும்போதே நிறுத்திக் காரணம் தேடுபவரின் எஞ்சின் பல போகம் உழைக்கும். உழவும் அறுவடையும் உரிய காலத்தில் நிறைவேறும்.